பர்தாவைக் கிண்டலடித்தவர் ஏன் திரைபோட்ட வண்டி அனுப்பினார்?

கேள்வி இதுதான்: "பேகம் ரொக்கேயா பர்தா முறையைக் கடுமையாகக் கிண்டல் செய்து எழுதியவர். ஆனால் கல்கத்தாவில் தன் பள்ளிக்குப் பிள்ளைகளை நாலு பக்கமும் மூடிய வண்டியில்தான் வரவழைத்தார். தானும் புர்கா அணிந்தே வெளியே போனார். இது முரண் இல்லையா? பெண்கல்விக்கு அவர் உண்மையில் என்னதான் செய்தார்?"

முரண்தான். ஆனால் தெரிந்தே சுமந்த முரண். எழுத்துக்கு ஒரு அளவுகோல், பள்ளிக்கு இன்னொன்று என்று வங்காள முஸ்லிம் எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹொசைன் இரண்டு கணக்கு வைத்திருந்தார். எழுத்தில் ஏறக்குறைய யாருக்கும் வளையவில்லை, பள்ளியில் வளைய வேண்டிய இடமெல்லாம் வளைந்தார். ஏன் என்பது அவருடைய முழக்கங்களைவிட அந்த வண்டியைப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரொக்கேயா எதிர்த்தது 'அபரோத்'. உடையில் காட்டும் அடக்கத்துக்குப் பர்தா என்று பெயர். பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைப்பது அபரோத். தமிழில் கோஷா என்று ஒரு பழைய சொல் உண்டு. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அபரோதுக்குக் கிட்டத்தட்ட அதுதான் பொருத்தமான சொல். 'புர்கா' பற்றிய கட்டுரையில், புர்காவுக்கும் முன்னேற்றத்துக்கும் பகை இல்லை, கல்வி இல்லாததுதான் தடை என்றே வாதிடுகிறார். இரண்டையும் 'பர்தா' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடுவதால் அவரை முரண்பட்டவர் என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது. பாதிக் குழப்பம் அங்கேதான்.

அபரோத் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு அவர் சொல்லும் ஒரு சம்பவம் போதும். பாகல்பூரிலிருந்து பாட்னா போகும் வழியில் கியூல் நிலையத்தில் ரயில் மாறுகிறார், அவருடைய கணவர் வழித் தூரத்து உறவுப் பெண் ஒருவர். கனத்த புர்கா காலில் சிக்கி, பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். தூக்கிவிட ஓடிவந்த கூலிகளை, "பீவியைத் தொடாதே" என்று உடன் வந்த வேலைக்காரி தடுக்கிறாள். அவள் ஒருத்தியால் தூக்க முடியவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு ரயில் புறப்படுகிறது. அவ்வளவுதான். இப்படி 47 சம்பவங்களைச் சேர்த்துத்தான் 1931-ல் 'அபரோத்பாசினி' வந்தது. அடைபட்டு வாழ்பவள் என்று பொருள். சில சம்பவங்களில் சிரிப்பு வரும், அடுத்த வரியில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும்.

ரொக்கேயா பிறந்தது 1880 டிசம்பர் 9, இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பாய்ராபந்த் என்ற ஊரில், ஜமீன்தார் குடும்பத்தில். ஐந்து வயதிலேயே அவருக்குக் கோஷா. ஆண்களிடமிருந்து மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் வெளிப் பெண்களிடமிருந்தும் ஒளிந்துகொள்ள வேண்டும். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், பரணில் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. வேற்று வீட்டு வேலைக்காரிகள் தங்கியிருந்தபோது நாள்கணக்கில் பரணிலேயே கிடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

படிப்பில் இருந்த சிக்கல் சற்று விசித்திரமானது. அந்த மேல்தட்டு முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்குக் குர்ஆன் ஓதத் தெரியலாம், கொஞ்சம் உருது தெரியலாம். தடை இருந்தது வங்காளிக்கும் ஆங்கிலத்துக்கும்தான். வங்காளி சாமானியர் மொழி, ஆங்கிலம் அந்நியர் மொழி. அக்கா கரீமுன்னிசா முற்றத்து மண்ணில் குச்சியால் எழுத்தைக் கீறிப் பழகினார். வங்காளிப் புத்தகம் படித்து மாட்டிக்கொண்டார். பதினைந்து வயதுக்குள் கல்யாணமும் முடிந்தது. அண்ணன் இப்ராஹிம் சாபேர் கல்கத்தாவில் படித்தவர். வீடு தூங்கிய பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். ரொக்கேயாவின் பள்ளிக்கூடம் அந்த மெழுகுவத்திதான். வேறு பள்ளியில் ஒருநாள்கூட அவர் மாணவியாக உட்கார்ந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கணவர் சகாவத் ஹொசைன் உருது பேசும் பீகார்க்காரர், பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட், மனைவியை இழந்தவர், ரொக்கேயாவைவிட மிகவும் மூத்தவர். ஆனால் மனைவி எழுதுவதை ஆதரித்தார். அவர் சுற்றுப்பயணம் போயிருந்தபோது பொழுதுபோக்காக எழுதியதுதான் 'சுல்தானாவின் கனவு'. நேரடியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. திரும்பிவந்தவர் உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றபடியே படித்து முடித்து, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம். 1905-ல் அதை அச்சிட்டது கல்கத்தாப் பத்திரிகை அல்ல, கமலா சத்தியநாதன் மதராஸிலிருந்து நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்'. புத்தகமானது 1908-ல்.

அந்தக் கதையின் பெண்ணாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள். பெண்கள் வெளியில் இருக்கிறார்கள். இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள். ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை மேகத்துக்கு மேலே விட்டு வளிமண்டலத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. ஆண்படை போரில் தோற்று ஒடுங்கியதும், 2000 மாணவிகள் அந்த வெப்பத்தை எதிரியின் மேல் திருப்பி விரட்டுகிறார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் ரொக்கேயாவின் கை தெரிவது ஒரு சின்னக் கணக்கில். பெண்கள் எப்படி இரண்டே மணி நேரத்தில் அலுவலக வேலையை முடிக்கிறார்கள்? ஆண்கள் ஏழு மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம். நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு. ஆறு மணி நேரம் புகையில் போயிற்று. ஆங்கில மூலத்தில் அவர் போட்டிருக்கும் சொல்லும் நம் சுருட்டுதான், 'சோரூட்' என்று.

இதைப் படித்துவிட்டு, பெண் ஆட்சி வேண்டும் என்பதுதான் அவர் கொள்கை என்று முடிவு கட்டுவது பலர் செய்யும் தவறு. ஒருவர் மட்டும் அடைபட்டிருப்பது எவ்வளவு அபத்தம் என்று காட்ட, கண்ணாடியைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்.

இனி பள்ளி. சகாவத் 1909 மே மாதம் இறந்தார். பெண்கள் பள்ளி ஒன்றுக்காக 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி ஆரம்பமாயிற்று. ஆனால் கணவரின் முதல் தாரத்து மகள் வழியில் சொத்துத் தகராறு. ஊரில் இருக்க முடியவில்லை. கல்கத்தாவுக்கு வந்து, 1911 மார்ச் 16-ம் தேதி வலியுல்லா லேன் 13-ம் எண் வீட்டில் 'சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி'யை மறுபடி தொடங்கினார். இப்போது எட்டு மாணவிகள்.

பள்ளிக்கே போகாதவர் எப்படிப் பள்ளி நடத்துவது? பார்த்துக் கற்றுக்கொண்டார். நகரத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பெண்கள் பள்ளிகளுக்கு, பிரம்ம சமாஜத்தார் பள்ளி உட்பட, போய் உட்கார்ந்து வகுப்பு எப்படி நடக்கிறது என்று கவனித்தார். மணி அடிப்பது, வருகைப் பதிவு, வகுப்பைப் பிரிப்பது எல்லாமே அவருக்குப் புதிது.

இரண்டாவது, பிள்ளைகள் வேண்டும். விளம்பரம் போட்டால் வந்துவிடுவார்களா? வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்கிறவர் புர்கா அணிந்த விதவையாக, மரியாதைக் குறைவு என்று யாரும் சுட்ட முடியாதவராக இருந்தால்தான் உள்கட்டுவரை போய்த் தாய்மாரிடம் பேச முடியும். கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் இங்கே இருக்கிறது. அவருடைய புர்கா அவருக்கு நுழைவுச்சீட்டு.

மூன்றாவது வண்டி. இதுதான் உயிர்நாடி. எத்தனை வீடுகளுக்கு வண்டி போகிறதோ அத்தனை வீட்டுப் பெண்கள்தான் படிப்பார்கள்; தெருவில் நடந்து வர எந்தத் தகப்பனும் விடமாட்டான். பள்ளிக்கு மோட்டார் பஸ் வந்த கதையை 'அபரோத்பாசினி'யின் கடைசிச் சம்பவமாக எழுதியிருக்கிறார். ஷெட்டில் போய்ப் பார்த்த ஆங்கிலேய ஆசிரியை, உள்ளே ஒரே இருட்டு, நான் அதில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸின் காற்றோட்டம் மொத்தமும் இரண்டு துண்டு வலைதான்: ஒவ்வொன்றும் மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம். அது இல்லையென்றால் காற்றுப்புகா டப்பா. முதல் நாளே சிறு பிள்ளைகள் இருட்டில் அழுதார்கள், வெயில் புழுக்கத்தில் வாந்தி எடுத்தார்கள், சிலர் மயங்கினார்கள். சரி என்று மதியமே அடைப்புகளைத் திறந்து வண்ணத் திரை மாட்டினார்கள். அப்போதும் தலைவலியும் மயக்கமும் முழுதாக நிற்கவில்லை. பார்க்க வந்த ஒரு இந்துப் பெண்மணி அதை 'நகரும் இருட்டறை' என்று பெயர் வைத்துக் கேலி செய்தார். கல்கத்தாவில் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். கைதிகள் மூச்சுத் திணறிச் செத்த 1756-ம் ஆண்டு இருட்டறை அந்த ஊர்க் கதை.

பிள்ளைகள் மயங்குகிறார்கள் என்று பெற்றோரிடமிருந்து புகார். அது நியாயம். கூடவே தபாலில் நான்கு கடிதங்கள். ஆங்கிலத்தில் ஒன்று, கீழே 'இஸ்லாத்தின் சகோதரன்' என்று கையெழுத்து. உருதுவில் மூன்று, இரண்டு மொட்டைக் கடிதம், ஒன்றில் ஐந்து பேர் கையெழுத்து. எல்லாவற்றிலும் ஒரே குற்றச்சாட்டு: பஸ் திரை காற்றில் ஆடுகிறது, பர்தா கெடுகிறது. நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் பள்ளிக்கு எதிராக எழுதுவோம்.

இங்கேதான் அவருடைய இரண்டு கணக்கும் ஒன்றாகத் தெரிகின்றன. மூடினால் பிள்ளை மயங்குகிறது; திறந்தால் பிள்ளையே வராது. பத்திரிகையில் ஒரு வாரம் எழுதினால் போதும், அடுத்த திங்கட்கிழமை பெஞ்சு காலியாகிவிடும். ஆகவே பள்ளியில் திரை இருந்தது. அந்தத் திரையின் வண்டவாளம் அச்சில் ஏறியது. இதைக் கோழைத்தனம் என்று சொல்லுபவர்கள் அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். பலன் கண்கூடு: 1911-ல் எட்டாக இருந்த மாணவிகள் 1915-ல் 84. பள்ளி அந்த ஆண்டே லோயர் சர்க்குலர் ரோட்டுக்கு இடம் மாறியது. 1930-ல் உயர்நிலைப் பள்ளி ஆயிற்று.

அடுத்த தலைவலி ஆசிரியைகள். முஸ்லிம் பெண்களில் படித்தவர்களே இல்லாதபோது கற்பிப்பவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆண் ஆசிரியர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்கத்தாவில் கிடைக்காததால் கயா, ஆக்ரா, மதராஸ் என்று வெளியூர்களிலிருந்து வரவழைத்தார். வந்தவர்களுக்குத் தங்குமிடம், பாதுகாப்பு, சம்பளம் எல்லாம் பள்ளி தலையில்தான். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? உள்ளூரிலேயே பயிற்சி தர ஒரு நிறுவனம் வேண்டும் என்று அரசை விடாமல் நெருக்கினார். 1919-ல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வந்தது. அவருடைய வேலைகளில் அதிகம் பேசப்படாதது இது, என் கணக்கில் பெரியதும் இதுதான். மற்றப் பள்ளிகளுக்கும் அங்கிருந்துதானே ஆசிரியைகள் போக முடியும்?

பாடத்திட்டத்திலும் அதே சாமர்த்தியம். முதலில் குர்ஆன், அதுவும் வெறுமனே ஓதுவதாக இல்லாமல் பொருளோடு. அது இருந்தால் பெற்றோர் வாயை அடைக்கலாம். பொருள் தெரிந்து படிக்கிற பெண்ணை யாரும் மதத்தின் பெயரால் ஏமாற்றவும் முடியாது. பிறகு வங்காளி, ஆங்கிலம், உருது, பாரசீகம். நோயாளியைக் கவனிப்பது, முதலுதவி, சமையல், தையல். இவற்றுக்கு நடுவே உடற்பயிற்சியும் இசையும்.

ஒரு இடத்தில் அவர் நினைத்தது நடக்கவில்லை. வங்காளிக்காக அவரும் அக்காவும் பட்ட பாடு தெரியும். ஆனால் கல்கத்தாவின் மேல்தட்டு முஸ்லிம் வீடுகள் உருது பேசின. பள்ளி உருது வழியில்தான் ஓடியது. நடுவில் தொடங்கிய வங்காளிப் பிரிவை மாணவிகள் சேராததால் மூட வேண்டியதாயிற்று. பிற்பாடு 1920-களில்தான் மறுபடி திறக்க முடிந்தது. 'மோத்திசூர்' என்ற தன் தொகுப்பின், 1922-ல் வெளியான இரண்டாம் பாகத்தைக் கரீமுன்னிசாவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

பள்ளிக்கு வரும் வயது தாண்டிய பெண்களுக்காக 1916-ல் 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்ற சங்கம். ஏழை விதவைகளுக்குப் பண உதவி, ஏழைப் பெண்களுக்குக் கல்யாண உதவி, குடிசைப் பகுதிகளில் எழுத்தறிவு. பெண்களைக் கூட்டத்துக்கு வரவைப்பதே பெரும்பாடு. மன்றாடி அழைத்து வந்த ஒரு அம்மாள் கடைசிவரை இருந்துவிட்டு, "மீட்டிங் மீட்டிங் என்று கூட்டிவந்தீர்கள், வீட்டுக்கும் கிளம்பியாச்சு, மீட்டிங்கை எங்கே காணோம்?" என்று கேட்டாராம். மீட்டிங் என்பது கண்ணால் பார்க்கும் ஒரு பொருள் என்றே நினைத்து வந்திருக்கிறார்.

சுதந்திரம் என்ற சொல்லை ரொக்கேயா எந்தப் பொருளில் பயன்படுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும், அதில் மழுப்பல் கிடையாது. அவருக்கு அது சம்பாத்தியம். பெண்ணைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்புங்கள், தன் சோற்றையும் துணியையும் அவளே சம்பாதிக்கட்டும் என்று 1904-லேயே எழுதினார். குமாஸ்தாவிலிருந்து மாஜிஸ்திரேட், பாரிஸ்டர், ஜட்ஜ் வரைக்கும் எல்லாம் ஆகலாம். கணவன் வீட்டில் போடும் உழைப்பை ஒரு தொழிலில் போட முடியாதா என்று கேட்டார். நகையை அடிமைத்தளையாகப் பார்த்ததும் அதே கட்டுரையில்தான். மத நூல்களின் பெயரில் ஆண்கள் சட்டம் போட்டார்கள் என்று அதில் வந்த ஐந்து பத்திகள், 'மோத்திசூர்' முதல் பாகத்தில் கட்டுரை புத்தகமானபோது இல்லை. எழுத்தில் அவர் பின்வாங்கிய இடம் என்று எனக்குத் தெரிவது இது ஒன்றுதான்.

'அர்த்தாங்கி' என்ற கட்டுரையில் ஒரு காட்சி. கணவர் சூரியனுக்கும் நட்சத்திரங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டிருக்கிறார். மனைவி தலையணை உறையின் நீள அகலத்தை அளக்கிறாள். வண்டியின் ஒரு சக்கரம் பெரியது, ஒன்று சிறியது என்றால் வண்டி முன்னே போகாது, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும் என்கிறார்.

1924-ல் வந்த 'பத்மராக்' நாவலின் தாரிணி பவனம்தான் அவர் மனத்தில் இருந்த நிறுவனத்தின் முழு வரைபடம். பள்ளி, நோயாளிகளுக்கும் ஆதரவற்றோருக்கும் இல்லம், தொழில்கூடம், மூன்றும் ஒரே வளாகத்தில். எல்லா மதத்துப் பெண்களும் இருக்கிறார்கள். நூல் நூற்பது, தையல், புத்தகம் பைண்டு செய்வது, டைப்பிங் என்று கைத்தொழில்கள். நாயகி சித்திகா கடைசியில் கல்யாணம் வேண்டாம் என்று தன் வழியில் போகிறாள். நிஜப் பள்ளியில் செய்ய முடியாததை எல்லாம் நாவலில் கட்டினார் என்றுதான் படிக்கத் தோன்றுகிறது.

அவரைப் பற்றி அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் ஒன்று: வங்காளத்தின் முதல் முஸ்லிம் பெண்கள் பள்ளியைத் தொடங்கியவர். இல்லை. நவாப் ஃபைசுன்னிசா கொமில்லாவில் 1873-லேயே பெண்கள் பள்ளி திறந்தவர். கல்கத்தாவிலும் 1909-ல் குஜிஸ்தா அக்தர் சுஹ்ரவர்தி ஒன்று தொடங்கியிருந்தார். ரொக்கேயாவின் சாதனை முந்தியதில் இல்லை, இருபத்தோரு வருடம் விடாமல் நடத்தியதில் இருக்கிறது. பள்ளி இன்றும் கொல்கத்தா லார்ட் சின்ஹா ரோட்டில் அரசுப் பள்ளியாக நடக்கிறது. 'பேகம்' என்பதும் நாம் சேர்த்துக்கொண்டது. அவர் தன்னை 'மிஸஸ் ஆர். எஸ். ஹொசைன்' என்றுதான் போட்டுக்கொண்டார்.

இறந்ததும் ஒரு டிசம்பர் 9, 1932. மேசைமேல் 'பெண்ணின் உரிமை' என்ற கட்டுரை பாதியில் இருந்தது.

படிக்க விரும்பினால் 'சுல்தானாவின் கனவு' ஒரு மணி நேர வேலை, ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு நிறுத்திவிட்டால் ரொக்கேயா ஒரு கற்பனைக்காரராக மட்டும் மனத்தில் தங்குவார். உடனே 'அபரோத்பாசினி'யின் 47-ம் சம்பவத்தை, அந்த பஸ் கதையை, எடுத்துப் படியுங்கள். முதலாவதில் ஹைட்ரஜன் உருண்டைகள் பூட்டிய ஆகாய வண்டியில் பெண்கள் பறக்கிறார்கள். இரண்டாவதில் மூன்று அங்குல வலை வழியே மூச்சு விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 25 வருடம்.